டெப்புக்குக் கீபோட்: ‘மஞ்சந்தொடுவாய்’ என்று அடித்துப் பாருங்கள்

டெப்புக்குக் கீபோட் வாங்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. பற்றரி எத்தனை நாள் நிற்கும், விசைக்கு அடியில் வெளிச்சம் வருமா, டெப்போடு காந்தத்தில் ஒட்டுமா என்றுதான் பேச்சுப் போகும். கேட்கக் கூடாத கேள்விகள் அல்ல. ஆனால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ டெப்புக்குக் கீபோட் தேடுகிற நம்மவர் பெரும்பாலும் தமிழில்தான் அடிக்கப் போகிறார். வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக ஒப்படை எழுதுகிற பிள்ளை, பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற நிருபர், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கையைத் தலையில் கட்டிக்கொண்ட செயலாளர். இவர்களுக்கு ஒரு கீபோட் உதவுமா உதவாதா என்பது அதன் வலது ஓரத்தில் இருக்கிற நாலைந்து விசைகளில் தீர்மானமாகிவிடும். விளம்பரப் படத்தில் அந்த ஓரத்தை யாரும் பெரிதாக்கிக் காட்டுவதில்லை.

ஏன் வலது ஓரம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். மேசைக் கணினியின் கீபோட்டில் ஒரு விசையின் நடுவில் இருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். எழுத்துப் பகுதியின் ஒரு வரிசை, ஓரத்துப் பெரிய விசைகளையும் சேர்த்தால், 15 விசை அகலம். பெருக்கிப் பார்த்தால் 28 சென்ரிமீற்றருக்கு மேல் வருகிறது. 10, 11 அங்குல டெப் ஒன்றைக் கிடையாக வைத்தால் அதன் நீளம் 25 சென்ரிமீற்றர் அளவுதான். டெப்பின் அளவுக்கே கீபோட்டும் இருக்க வேண்டும், மூடினால் புத்தகம் மாதிரிப் பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்று சென்ரிமீற்றரை எங்கேயாவது வெட்டியாக வேண்டும்.

வெட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. எல்லா விசைகளையும் ஒரே அளவாகச் சுருக்கி 16, 17 மில்லிமீற்றருக்குக் கொண்டு வரலாம். நேர்மையான வழி, முதல் ஒரு கிழமை விரல் தடுமாறும், பிறகு பழகிவிடும். மற்ற வழி, ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களையும் பெரிதாகவே விட்டுவிட்டு, வலப்பக்கத்துக் குறியீட்டு விசைகளின் தலையில் கை வைப்பது. சதுர அடைப்புக்குறி பாதி அகலமாகும். மேற்கோள் குறி கீழ் வரிசைக்கு இறங்கும். சில குறிகள் தனி விசையையே இழந்து, எஃப்என் விசையை அமுக்கிக்கொண்டு வேறொரு விசையைத் தட்டினால்தான் வரும். மலிவான உறைக் கீபோட்டுகளில் இந்த இரண்டாவது வழியைத்தான் அதிகம் காணலாம். கடையில் நின்று ஆங்கிலத்தில் பெயரை அடித்துப் பார்க்கிறவருக்கு விசைகள் விசாலமாகத் தெரியும். சதுர அடைப்புக்குறியை யார் அடித்துப் பார்க்கப் போகிறார்கள்?

தமிழ் 99 என்ற விசை அமைப்பில் பழகியவர் பார்க்க வேண்டும். அவருக்கு இடது சதுர அடைப்புக்குறிதான் ‘ச’. வலது அடைப்புக்குறி ‘ஞ’. அரைப்புள்ளி இருக்கிற இடம் ‘ந’, அதற்குப் பக்கத்து மேற்கோள் குறி ‘ய’, கீழே சாய்கோடு ‘ழ’. இது யாரோ தற்செயலாகச் செய்த ஏற்பாடு அல்ல. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்ற அமைப்பு இது. உயிர்கள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஷிஃப்ட் தொடாமலே அடிப்படை எழுத்துக்கள் எல்லாம் வர வேண்டும் என்பது அதன் கொள்கை. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி. மொத்தம் 31 விசை தேவை. ஆங்கில எழுத்து விசைகள் 26. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தும்தான் மேலே சொன்ன வலது ஓரத்துக் குறியீடுகளில் போய் உட்கார்ந்திருக்கின்றன. டெப் கீபோட் செய்கிறவர் எந்த விசைகளைத் தேவையில்லாதவை என்று நினைத்து நறுக்குகிறாரோ, அவையே நமக்கு ச, ஞ, ந, ய, ழ.

ஆகவே கடையில் நின்று அடித்துப் பார்க்க நான் சொல்லும் சொல், மட்டக்களப்பு நகரத்துக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊரின் பெயர்: மஞ்சந்தொடுவாய். தமிழ் 99இல் இதற்கு 12 தட்டு. ம, ஞ, ச, ந, த, ஒ, ட, உ, வ, ஆ, ய, கடைசியில் புள்ளி. ‘ஞ்ச’, ‘ந்த’ இரண்டுக்கும் நடுப்புள்ளியை மென்பொருள் தானே போட்டுக்கொள்ளும். இந்த 12இல் ஞ, ச, ந, ய என்று நாலு வலது ஓரத்து விசைகள், அதிலும் முதல் மூன்று அடுத்தடுத்து. இதைத் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு தரம் பிழையின்றி அடிக்க முடிந்தால் அந்தக் கீபோட் தேறிவிட்டது. மிஞ்சுகிற ‘ழ’வுக்கு வாழைச்சேனை என்று ஒரு தரம் அடித்துவிட்டால் சரி, அதில் ‘ச’வும் இரட்டித்து வரும்.

காத்தான்குடியில் தெரிந்த ஆசிரியை ஒருவர் உறையோடு சேர்ந்த புளூடூத் கீபோட் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய புதிதில் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, இதில ‘ச’ எங்க இரிக்கி?”

“அடைப்புக்குறிதான் ராத்தா. பீ எழுத்துக்குப் பக்கத்தில பாருங்க.”

“பக்கத்தில பேக்ஸ்பேஸ் எலுவா இரிக்கி!”

பார்த்தால், அடைப்புக்குறி இரண்டும் நீல மையில் சின்னதாக வேறு விசைகளின் மூலையில் அச்சடிக்கப்பட்டிருந்தன. எஃப்என் விசையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்ட வேண்டும். அவர் அடிக்க வேண்டியிருந்த வினாத்தாளின் முதல் பகுதித் தலைப்பு ‘சரியான விடையைத் தெரிவு செய்க’. அந்த ஒரு வரியில் ‘ச’ இரண்டு இடத்தில், ‘ய’ மூன்று இடத்தில். எஃப்என் பிடித்தால் ‘ச’ வராமல் இல்லை, வரத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் கை இருப்பிடத்தை விட்டுக் கிளம்பித் திரும்ப வேண்டும்; தட்டச்சு என்பது இருப்பிடம் விட்டுக் கிளம்பாத கைகளின் வேலை. தரம் 9 விஞ்ஞானம் என்று மேலே தலைப்பிட வேண்டியது வேறு இருந்தது. ‘விஞ்ஞானம்’ சொல்லுக்கு ‘ஞ’ இரண்டு தரம்.

தமிழ் 99 பழகாதவர்களுக்கு இந்தத் தொல்லை இதே மாதிரி வராது, வேறு மாதிரி வரும். நம் பகுதியில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களில், கொம்யூனிகேசன் கடைகளில் கடிதம் அடித்துப் பழகியவர்களில், பாமினி பழகிய கைகள்தான் அதிகம். பழைய தட்டச்சுப் பொறியின் மரபில் வந்த அமைப்பு அது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதை இங்கே போகிற போக்கில் நினைத்துக்கொள்ளலாம். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு மெய்யை அடிக்க வேண்டும், காகிதத்தில் எழுதுகிற ஒழுங்கில். அதே மஞ்சந்தொடுவாய்க்கு இங்கே 14 தட்டு. சதுர அடைப்புக்குறி பக்கமே போக வேண்டியதில்லை. அதற்குப் பதில் அரைப்புள்ளி விசை மூன்று தரம் வரும், ஏனென்றால் பாமினியில் மெய்ப்புள்ளி அங்கேதான் இருக்கிறது. தமிழில் எந்தப் பந்தியை எடுத்தாலும் புள்ளி இல்லாமல் நாலு சொல் தாண்டாது. அரைப்புள்ளியைச் சுருக்கிய கீபோட் பாமினிக்காரருக்கு உதவாது.

இன்னொன்று ஷிஃப்ட். ‘ஞ’ பாமினியில் இடது கோடியில் கியூ விசையில், ஷிஃப்ட்டோடு. ‘டு’ வலப்பக்கம் எல் விசையில், அதுவும் ஷிஃப்ட்டோடு. முறையாகத் தட்டச்சுப் படித்தவர் இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட்டைத்தான் பிடிப்பார். டெப் கீபோட்டுகளில் வலது ஷிஃப்ட்டைக் குறுக்கி, அதற்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு விசையைச் செருகி வைப்பது வழக்கம். சுண்டு விரல் ஷிஃப்ட் என்று நினைத்து அம்பை அமுக்கும். கர்சர் மேல் வரிக்குத் தாவும். ‘ஞ’ வர வேண்டிய இடத்தில் வேறு எழுத்து, அதுவும் வேறு வரியில். பாமினிக்காரர் கீபோட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வலது ஷிஃப்ட்டின் நீளம்.

ரெங்கநாதன் அமைப்பும் நம் நாட்டில் உண்டு. இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தமிழ்த் தரம், எஸ்எல்எஸ் 1326, இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. அரச அலுவலகங்களில் காணும் மும்மொழிக் கீபோட்டுகளில் சிங்களத்துக்கான விஜேசேகர அமைப்பின் எழுத்துக்களோடு பொறித்திருப்பதும் இதுதான். அலுவலகத்தில் இதில் பழகியவர் வீட்டு டெப்புக்கும் இதையே தேடுவது நியாயம். ஆனால் எழுத்துப் பொறித்த கீபோட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. காரணம் அடுத்து வருகிறது.

‘அம்மா’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக எடுக்கிறவர்கள் ஒரு கூட்டம், இளையவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம். அவர்களுக்கு 26 எழுத்தும் ஒழுங்காக இருந்தால் போதும். இந்தக் கட்டுரையின் முதல் பாதியை அவர்கள் மறந்துவிடலாம்.

கடையில் ‘தமிழ்க் கீபோட் இருக்கா?’ என்று கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். கீபோட்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. விசையைத் தட்டினால் அது அனுப்புவது ஓர் எண். ஆங்கிலத்தின் முதல் எழுத்து இருக்கிற விசைக்கு எண் 4, அடுத்த எழுத்துக்கு 5, இடது சதுர அடைப்புக்குறிக்கு 47. யூஎஸ்பி வயரில் போனாலும் புளூடூத்தில் போனாலும் இதே எண்கள்தான். 47 வந்தால் அடைப்புக்குறியைப் போடுவதா, ‘ச’ போடுவதா என்று முடிவு செய்வது டெப்புக்குள் இருக்கிற மென்பொருள். ஆகவே விசையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது கண்ணுக்கு உதவி, அவ்வளவுதான். தமிழ் எழுத்து ஒட்டிகளை வாங்கி எந்தக் கீபோட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம். வேர்த்த கையில் அவை கொஞ்ச நாளில் ஓரம் கிளம்பும் என்பதும் உண்மை. அதற்குள் விரல் பழகிவிட்டால் நல்லது.

இதனால் உண்மையான கேள்வி கீபோட் பெட்டியில் இல்லை, டெப்பின் அமைப்புகளில் இருக்கிறது. அண்ட்ரொய்ட் டெப்பில் திரையில் வருகிற கீபோட் வேறு, வெளியில் இருந்து பொருத்துகிற கீபோட்டுக்கான அமைப்பு வேறு. திரையில் அழகாகத் தமிழ் 99 வருகிறது என்பதற்காக வெளிக் கீபோட்டைப் பொருத்தியதும் அதே தமிழ் வரும் என்று எண்ண வேண்டாம். பலருக்கு இங்கேதான் பணம் வீணாகிறது. வெளிக் கீபோட்டைப் பொருத்திய பிறகு, அமைப்புகளில் மொழியும் உள்ளீடும் என்ற பகுதிக்குள் அதற்கென்று தனிப் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் தமிழ் இருக்கிற டெப்பும் உண்டு, இல்லாத டெப்பும் உண்டு. தயாரித்தவரையும் அண்ட்ரொய்ட் பதிப்பையும் பொறுத்தது. இல்லாவிட்டால் கீமேன் என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பார்க்கலாம். எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனம் வெளியிடுவது. உலகத்துச் சின்ன மொழிகள் பலவற்றுக்கும் அதில் கீபோட் அமைப்புகள் உண்டு, தமிழ் 99உம் அதில் இருக்கிறது. வெளிக் கீபோட்டின் எண்களை எடுத்துத் தமிழாக மாற்றித் தரும் வசதியும் அதற்கு உண்டு.

ஐபேடில் இந்தத் தலையிடி குறைவு. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் தமிழ் 99, ஒலிப்படி அடிக்கிற ‘அஞ்சல்’ என்ற அமைப்பு ஆகிய இரண்டும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன. கொன்ட்ரோலோடு இடைவெளி விசையை அமுக்கினால் மொழி மாறும். விண்டோஸ் போட்ட டெப் என்றால் அது கணினிதான். மேசைக் கணினியில் எதைப் போட்டு அடித்தீர்களோ அதையே போட்டுக்கொள்ளலாம்.

காசு செலவழிக்க முன் இதை வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஓடிஜி என்று கடையில் கேட்டால் ஒரு சின்ன அடப்டர் தருவார்கள். டெப்பின் டைப்-சி துவாரத்தில் அதைக் குத்தி, பரணில் கிடக்கிற பழைய யூஎஸ்பி கீபோட்டை மறுமுனையில் குத்துங்கள். எண்கள் ஒன்றே என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பழைய கீபோட்டில் மஞ்சந்தொடுவாய் வந்தால், நாளைக்கு வாங்கப் போகிற புளூடூத் கீபோட்டிலும் மென்பொருளளவில் வரும். வராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வராது. முதலில் டெப்பைச் சரிப்படுத்துங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.

பாமினிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. பாமினி என்பது அமைப்பு மட்டும் அல்ல, எழுத்துருவும்கூட. பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது. தமிழ் என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும். டெப்பில் அந்த எழுத்துரு இருக்காது, ஆகவே வட்ஸ்அப்பில் வந்த பழைய வினாத்தாளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஜே, கே, பீ. கீபோட் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அது கீபோட்டின் குற்றம் அல்ல. பழைய கோப்புகளை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, இனி அடிப்பதை யுனிகோடில் அடிக்க வேண்டும். பாமினி விசை ஒழுங்கில் அடித்து யுனிகோடாகப் பெறும் மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் இ-கலப்பை அந்த வேலையைச் செய்யும். கை பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, எழுத்துருவை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

இனிப் பொருத்துகிற முறை. டெப்பின் விளிம்பில் மூன்று நாலு பொட்டு மாதிரி உலோகப் புள்ளிகள் இருந்தால், அதற்கென்று செய்த கீபோட் காந்தத்தில் ஒட்டி அந்தப் புள்ளிகள் வழியாகக் கரண்டையும் எண்களையும் பரிமாறும். அப்பிள் 2015இல் ஐபேட் புரோவோடு இந்த வழியைக் கொண்டு வந்தது. சம்சுங்கின் எஸ் வரிசை டெப்களிலும் உண்டு. கீபோட்டுக்குத் தனியாகச் சார்ஜ் போட வேண்டாம், இணைப்பு விட்டுப்போகாது, தட்டின உடனே எழுத்து. ஆனால் விலை அதிகம். அந்த டெப்புக்கு மட்டும்தான் பொருந்தும், டெப் பழுதானால் கீபோட்டும் அலுமாரிக்குள். விலை குறைந்த டெப்களில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது.

அது இல்லாதவர்களுக்குப் புளூடூத். இதில் பெட்டியில் போட்டிருக்கும் பதிப்பு இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தட்டச்சின் எண்கள் மிகச் சின்னவை, பழைய பதிப்பே தாராளம். கவனிக்க வேண்டியது தூக்கம். சும்மா கிடந்தால் பற்றரியை மிச்சம் பிடிக்கக் கீபோட் தூங்கிவிடும். மறுபடி தட்டினால் விழித்து டெப்போடு சேர ஓரிரு வினாடி ஆகும். அதற்குள் அடித்தது போய்விடும். கல்முனை என்று தொடங்கினால் ‘ல்முனை’ என்று வரும். யோசித்து யோசித்து எழுதுகிறவருக்கு இது ஒவ்வொரு பந்திக்கும் நடக்கும். கடையில் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பற்றரி விடயத்தில் என் பக்கச்சார்பை மறைக்கவில்லை. உள்ளே சார்ஜ் ஆகிற லிதியத்தைவிட, மாற்றுகிற சின்னப் பற்றரி போடும் கீபோட்டைத்தான் நான் சொல்வேன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை. டெப்புக்கே சார்ஜ் கிடைக்காத நேரத்தில் கீபோட்டுக்கும் ஒரு வயரைத் தேடுவது கொடுமை. சின்னப் பற்றரி பொத்துவில் வரைக்கும் எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். லொஜிடெக்கின் கே380 மாதிரியானவை இரண்டு சின்னப் பற்றரியில் மாதக்கணக்காக ஓடும், மூன்று கருவிகளுக்கு மாறி மாறித் தட்டலாம். 28 சென்ரிமீற்றர் அளவு அகலம், அடைப்புக்குறிகள் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. டெப்போடு ஒட்டாது, தனியாகத் தூக்கிப்போக வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ‘ச’ கிடைக்கிறது. விடுமுறையில் மாதக்கணக்காகத் தொடாமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகடு அரித்துப் போகும்.

அரிப்பு என்றதும் நம் ஊர்க் காற்றைப் பேசாமல் போக முடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில், காத்தான்குடியில், காரைதீவில், திருக்கோவிலில் கடற்கரைக்குக் கிட்ட வீடு இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று தெரியும். வெளியே தெரிகிற உலோகப் புள்ளிகளில் உப்பீரமும் வேர்வையும் படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். ஈரமில்லாத மெல்லிய துணியால் அடிக்கடி துடைத்துவிட்டால் அந்த முறைக்கும் ஆயுள் உண்டு. துணி போர்த்திய உறைக் கீபோட்டுகளை நான் இங்கே சிபாரிசு செய்வதில்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் பார்க்க அழகாக இருக்கும். மாரியில், வடகீழ்ப் பருவக்காற்று நாட்களில், வாரக்கணக்காக வெயில் காணாத வீட்டில் அந்தத் துணி ஈரம் குடித்து மணக்கத் தொடங்கும். பிளாஸ்டிக் அல்லது ரப்பர் மேற்பரப்பு நல்லது. கடற்கரையில் இருந்து எழுதுகிற ஆசை இருந்தால் மணலையும் யோசியுங்கள். விசைக்கு அடியில் ஒரு மணல் புகுந்தால் அந்த எழுத்து பாதி தரம்தான் விழும்.

மவுஸின் வேலையை விரலால் செய்கிற சுட்டுப்பலகை (டச்பேட்) சேர்ந்த கீபோட் வேண்டுமா என்று கேட்பார்கள். அண்ட்ரொய்டில் 2011 முதல், ஐபேடில் 2020 மார்ச் முதல் மவுஸ் முழுமையாக வேலை செய்கிறது. வினாத்தாளில் அட்டவணை போடுகிறவர்களுக்கு உதவும்; கட்டுரை மட்டும் அடிப்பவருக்கு விரலும் திரையும் போதும். சுட்டுப்பலகைக்கும் கீழே இடம் வேண்டும் என்பதால் விசைகள் இன்னும் நெருங்கும். பாரமும் கூடும். 11 அங்குல ஐபேட் புரோவுக்கு 2020இல் வந்த மெஜிக் கீபோட் அந்த ஐபேடையும்விடப் பாரம். மடிக்கணினியைத் தூக்க முடியாமல் டெப்புக்கு வந்தவருக்கு இது விளங்காத வியாபாரம்.

எட்டு அங்குல டெப் வைத்திருப்பவர்கள் அதற்கென்று விற்கும் உறைக் கீபோட்டை மறந்துவிடுங்கள். அதன் நீளம் 21 சென்ரிமீற்றர். 15ஆல் பிரித்தால் ஒரு விசைக்கு 14 மில்லிமீற்றர். இரண்டு கையும் வைக்க இடமில்லை. அந்த அளவுக்குத் தனிக் கீபோட் ஒன்றும், டெப்பைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கியும்தான் வழி.

இணையத்தில் எடுத்துக் கூரியரில் வரவழைப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். படத்தில் ஒரு மாதிரி, பெட்டிக்குள் வேறு நாட்டுக்குச் செய்த இன்னொரு மாதிரி வருவது உண்டு. ரஷ்ய எழுத்து அச்சடித்தது வந்தாலும் எண்கள் ஒன்றே என்பதால் வேலை செய்யும், ஆனால் அடைப்புக்குறி எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடைக்கு டெப்பைக் கொண்டு போய், பெட்டியைத் திறந்து இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை இருக்கிறது.

மேசையில் இருந்துதான் எழுதுவேன், பையில் தூக்கிப்போக மாட்டேன் என்பவர் புதிதாக எதுவும் வாங்காமலே இருக்கலாம். சோதனைக்கு எடுத்த அந்தப் பழைய யூஎஸ்பி கீபோட்டையே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பகுதிக்கு 28 சென்ரிமீற்றர் அகலமும், அடைப்புக்குறிகளும், நீள ஷிஃப்ட் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. ஒரு குறை உண்டு: டெப்பில் துவாரம் ஒன்றுதான், கீபோட்டைக் குத்தினால் சார்ஜ் வயருக்கு இடமில்லை. ஓடிஜி அடப்டருக்குப் பதிலாக, சார்ஜ் வயரையும் கீபோட்டையும் ஒரே நேரத்தில் ஏற்கிற ஹப் ஒன்று வாங்கினால் அது தீரும். எல்லா ஹப்பும் கரண்டை டெப்புக்குள் விடுவதில்லை; சார்ஜரையும் கையோடு கொண்டு போய், கடையிலேயே குத்தி, சார்ஜ் ஏறுகிற அடையாளம் திரையில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.